மூளைக்குள்ளே ஒரு ரிங் மெயின்!
(டாக்டர் தாமஸ் வில்லிஸ், 1621 – 1675)



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையாக இருக்கட்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ஓமந்தூர்க்காரன் என்பதால் எங்க ஊர் ஓ.பி. ராமசாமி ரெட்டியாரைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட அந்த நேர்மையாளரைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் நிறையவே எழுதியாகிவிட்டது. நான் அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறேன்.

சென்னையில் அவர் பெயரில் உள்ள அரசினர் தோட்டத்தில் 2014 முதல் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை இயங்குகிறது. ஜனங்களுக்கு அது ‘ஓமந்தூரார் ஆஸ்பத்திரி’. இந்த மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிகளின் நரம்பியல் பிரிவில் அடிக்கடி எழுகிற ஒரு கேள்வி உண்டு. கழுத்தில் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் சுருங்கிப்போன ஒருவருக்கு, மூளைக்கு வேண்டிய ரத்தம் போகிறதா, இல்லையா? கேள்வி சின்னதுதான். ஆனால் ஆபரேஷனா மாத்திரையா என்பதே பல சமயம் இந்த விடையைப் பொறுத்து இருக்கிறது.

இந்தக் கேள்வியை 360 வருஷத்துக்கு முன்னால் ஒழுங்காகக் கேட்டு, பாதி விடையும் சொன்னவர் ஒரு இங்கிலாந்து டாக்டர். பெயர் தாமஸ் வில்லிஸ். மருத்துவம் படித்தவர்கள் ‘வில்லிஸ் வளையம்’ என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். எலக்ட்ரிக்கல் படித்த எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அவர் கண்டது அசல் ரிங் மெயின்! அதுவும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. கல்லூரிக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு கண்டுபிடித்தார். பழைய மாணவர் மலருக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா, சொல்லுங்கள்!

சந்தைக்குப் போன டாக்டர்

வில்லிஸ் 1621 ஜனவரி 27-ஆம் தேதி வில்ட்ஷயரில் கிரேட் பெட்வின் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1637-இல் ஆக்ஸ்ஃபோர்டில் க்ரைஸ்ட் சர்ச் கல்லூரியில் சேர்ந்தார். வசதி போதாததால் அங்கிருந்த ஒரு பாதிரியார் வீட்டில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே படித்தார். அந்த வீட்டு அம்மாவுக்குக் கைவைத்தியம் தெரியும். மருந்து அரைத்துக் கொடுக்கிற வேலை பையனுக்கு வந்தது. அந்த அடுப்படிதான் அவருடைய முதல் மருத்துவக் கல்லூரி என்று வைத்துக்கொள்ளலாம்.

1642-இல் உள்நாட்டுப் போர் வந்தது. மன்னர் சார்லஸ் ஆக்ஸ்ஃபோர்டையே தலைமையிடமாக வைத்துக்கொண்டார். மாணவர்கள் புத்தகத்தை வைத்துவிட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள், வில்லிஸும் தூக்கினார். 1643-இல் படைகளோடு வந்த விஷக் காய்ச்சலில் தகப்பனாரை இழந்தார். 1646-இல் மன்னர் கட்சி தோற்றது. அந்த வருஷ டிசம்பரில்தான் வில்லிஸ் மருத்துவப் பட்டம் வாங்கினார். தோற்ற கட்சிக்காரன், கையில் காசில்லை, நோயாளியும் இல்லை. பாவம், என்ன செய்வார்? நண்பர் ஒருவரோடு பங்கு போட்டு ஒரே ஒரு குதிரை வைத்துக்கொண்டு, பக்கத்து ஊர் அபிங்டன் சந்தைக்குப் போய் உட்கார்ந்தார். நம்ம வாரச் சந்தையில் கத்தரிக்காய்க் கடைக்குப் பக்கத்திலே ஒரு டாக்டர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். ஜனங்கள் சிறுநீரைப் பாட்டிலில் கொண்டுவந்து காட்டுவார்கள்; இவர் பார்த்து நோய் சொல்வார். எட்டிப்போன டாக்டர் இல்லை, கிட்டப் போன டாக்டர்.

தூக்கிலிருந்து திரும்பியவள்

அவர் பெயர் ஊர் பூராவும் பரவியது 1650 டிசம்பர் 14-ஆம் தேதி. ஆன் கிரீன் என்ற வேலைக்காரப் பெண், பெற்ற குழந்தையைக் கொன்றாள் என்ற குற்றத்துக்காக ஆக்ஸ்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்டாள். சுமார் அரைமணி நேரம் தொங்கினாள். உடலை அறுத்துப் பார்ப்பதற்காக வில்லியம் பெட்டி என்ற மருத்துவர் இருந்த இடத்துக்குப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறந்தால், தொண்டையில் கரகரவென்று சத்தம்! பெட்டியும் வில்லிஸும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். சூடான பானம் ஊற்றினார்கள், கை கால் தேய்த்தார்கள், கதகதப்பாகப் படுக்கவைத்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். பின்னால் மன்னிப்பும் கிடைத்து, கல்யாணம் செய்து பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தாள்.

கழுத்து இறுகி மூளைக்கு ரத்தமும் காற்றும் தடைப்பட்ட ஒருத்தி மறுபடி பேசினாள். இதைக் கண்ணால் பார்த்த ஒருவர் 14 வருஷம் கழித்துக் கழுத்துக் குழாய்களைப் பற்றி எழுதினார். இதற்கும் அதற்கும் நேர்த் தொடர்பு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பார்த்ததை அவர் மறந்திருக்கவா போகிறார்?

கூட்டாளிகள்

1660-இல் மன்னராட்சி திரும்பியது. வில்லிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்கைத் தத்துவப் பேராசிரியர் ஆனார். மூளையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். புத்தகத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்ல மனசு வரவில்லை. அறுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அவர் சேர்த்த ‘டீம்’ எப்படிப்பட்டது பாருங்கள். அறுக்கும் வேலைக்கு ரிச்சர்ட் லோயர், கைத்திறமையில் கில்லாடி. பின்னாளில் ஒரு நாயின் ரத்தத்தை இன்னொரு நாய்க்கு ஏற்றிக் காட்டியவர். விவாதிக்க தாமஸ் மில்லிங்டன் என்ற மருத்துவர். படம் வரைய கிறிஸ்டோஃபர் ரென்! ஆமாம், லண்டன் தீவிபத்துக்குப் பிறகு செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென்தான். நரம்புக்குள் திரவம் செலுத்தும் வித்தையையும் 1656-லேயே செய்து பார்த்தவர். இதற்கும் முன்னால் வில்லிஸின் ரசாயனக் கூடத்தில் உதவியாளராக இருந்த பையன் ராபர்ட் ஹூக். ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு நாம் எல்லாரும் லேபில் படாத பாடு பட்டோமே, அந்த ஹூக்ஸ் லா ஹூக்! வில்லிஸின் வகுப்பில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தவர்களில் தத்துவ ஞானி ஜான் லாக்கும் ஒருவர்.

ஒரே ஊரில், ஒரு கூப்பிடு தூரத்தில், டாக்டரும் கட்டடக்கலைஞனும் கருவி செய்கிறவனும் தத்துவம் பேசுகிறவனும் இருந்தார்கள். பிரிவு பிரிவாகப் பிரிந்து கிடக்கவில்லை. 1664-இல் ‘செரிப்ரி அனாட்டமே’ என்ற மூளை உடற்கூறு நூல் வெளிவந்தபோது, முன்னுரையிலேயே நண்பர்களின் பெயரைச் சொல்லி நன்றி எழுதினார் வில்லிஸ். கூட்டாளி உழைப்பை அமுக்காத குணம் அது.

ரிங் மெயின்

அதுவரை பெரும்பாலோர் மூளையை மண்டைக்குள் வைத்தபடியே மேலிருந்து சீவிப் பார்ப்பார்கள். வில்லிஸ் கூட்டம் மூளையை முழுசாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தது. அடிப்பக்கத்தில் அழகாக ஒரு வளையம்!

மூளைக்கு ரத்தம் நான்கு குழாய்களில் வருகிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரோட்டிட். முதுகெலும்பை ஒட்டிப் பின்னால் இரண்டு வெர்ட்டிப்ரல். இவை மேலே போய் ஒன்றாகச் சேரும். இந்த முன் வரத்தையும் பின் வரத்தையும், இடதையும் வலதையும், சின்னச் சின்ன இணைப்புக் குழாய்கள் சேர்த்து வட்டமாக்குகின்றன.

எலக்ட்ரிக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு ஃபீடர் போய்விட்டால் அடுத்த பக்கத்திலிருந்து பேக் ஃபீட் கொடுக்கிறோம் இல்லையா, அதேதான். சிவில்காரர்களுக்கும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வேறு மாதிரி சொல்கிறேன். ஏரியிலிருந்து வருகிற ஒரு வாய்க்கால் தூர்ந்துபோனால், குறுக்கு வாய்க்கால் வழியே பக்கத்து மதகுத் தண்ணீர் நம்ம கழனிக்கு வந்து சேரும். குறுக்கு வாய்க்கால் இருந்தால்!

உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த வளையத்தின் பகுதிகளை வில்லிஸுக்கு முன்னாலேயே சிலர் பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வெப்ஃபர் 1658-லேயே பக்கவாதத்தைப் பற்றி எழுதி இந்தக் குழாய்களையும் விவரித்தார். வில்லிஸின் பெருமை, இது எதற்கு என்று கேட்டதில் இருக்கிறது. ஒரு பக்கக் கரோட்டிட்டில் சாயத் தண்ணீரைச் செலுத்தினார். அது மறுபக்கத்துக் கரோட்டிட்டில் வந்தது. அதாவது உள்ளே பாதை இருக்கிறது. படத்தை வரைந்து வைத்துவிட்டுப் போகாமல் சர்க்யூட்டை டெஸ்ட் செய்து பார்த்திருக்கிறார்!

கல்லாகிப்போன குழாய்

அவர் எழுதிய ஒரு கேஸ்தான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. வயிற்றுக் கட்டியால் இறந்துபோன ஒருவரை அறுத்துப் பார்த்தார்கள். மண்டைக்குள்ளே வலது கரோட்டிட் கல் மாதிரி கெட்டியாகி, உள்துவாரம் ஏறக்குறைய முழுக்க அடைபட்டிருந்தது. அந்த மனிதர் பக்கவாதத்தில் எப்பவோ போயிருக்க வேண்டும். போகவில்லையே, ஏன்? அதே பக்கத்து வெர்ட்டிப்ரல் குழாய், மறுபக்கத்துக் குழாயைப் போல மூன்று மடங்கு பெருத்திருந்தது! அடைபட்ட குழாயின் வேலையைப் பக்கத்துக் குழாய் எடுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்கில் செய்திருக்கிறது.

கவனியுங்கள். எவ்வளவு அடைப்பு என்பதோடு வில்லிஸ் நிற்கவில்லை. அடைப்பு இருந்தும் ரத்தம் எந்த வழியாகப் போனது என்று கேட்டார். இன்றைக்கு லட்சக்கணக்கில் செலவழித்து நாம் எடுக்கும் ஸ்கேன்களும் முடிவில் இதைத்தான் கேட்கின்றன.

ஓமந்தூரிலும் ஒரு கேஸ்

என் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். ஓமந்தூரில் விவசாயம். ஒருநாள் காலை வலது கை மரத்துப்போய் டம்ளர் நழுவியது, பேச்சும் குழறியது. பத்தே நிமிஷம், சரியாகிவிட்டது. வாயுப் பிடிப்பு என்று சும்மா இருக்கப் பார்த்தார். பெரியம்மா விடவில்லை, அன்றைக்கே புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார். டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட்: கழுத்தில் இடது கரோட்டிட் முழு அடைப்பு. வீட்டில் அழுகை. நிலத்தை விற்றாவது ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

நரம்பியல் டாக்டர் அவசரப்படவில்லை. முதலில் குழாய்களின் படத்தை சி.டி. ஆஞ்சியோவில் எடுத்தார். பிறகு நெற்றிப்பொட்டில் ஒரு சின்ன ப்ரோபை வைத்து மண்டைக்குள் ஓடும் ரத்தத்தின் வேகத்தை அளந்தார். பெரியப்பாவை அரை நிமிஷம் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். வேகம் நன்றாக ஏறியது. வலது பக்கத்திலிருந்து முன்பக்க இணைப்பு வழியே இடது மூளைக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது, கையிருப்பும் இருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்றார். 1664-இல் பிணத்தில் பார்த்ததை உயிரோடு உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவிடம் பார்த்திருக்கிறார்கள்!

இது எப்படி நடக்கிறது? மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அதற்குப் போகிறது. 100 கிராம் மூளைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லி. இது 20-க்குக் கீழே இறங்கினால் வேலை நின்றுபோகும். 10-க்குக் கீழே போனால் செல்கள் சாகும். கழுத்தில் குழாய் சுருங்கியதும் கீழ்ப்பக்கத்துச் சின்னக் குழாய்கள் தாமாகவே விரிந்து வரத்தைச் சரிக்கட்டும். மதகுகளை அகலமாகத் திறந்துவிடுவது மாதிரி. எல்லா மதகும் முழுசாகத் திறந்தாகிவிட்டது என்றால் கையிருப்பு தீர்ந்தது என்று அர்த்தம். மூச்சைப் பிடித்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். அது குழாய்களை இன்னும் விரியச் சொல்லும். விரிந்து வேகம் ஏறினால் கையிருப்பு உண்டு. ஏறாவிட்டால் ஆபத்து. மண்டைக்குள் டாப்ளர் வைத்து அளக்கும் முறையை 1982-இல் ரூனே ஆஸ்லிட் என்பவர் கொண்டுவந்தார்.

கழுத்து டாப்ளரிலும் வேகம்தான் கணக்கு. குழாய் குறுகினால் அந்த இடத்தில் வேகம் கூடும் என்பது நாம் படித்த கன்டின்யுட்டி ஈக்வேஷன். நொடிக்கு 125 செ.மீ.க்கு மேல் போனால் அடைப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ. 230-ஐத் தாண்டினால் 70-க்கு மேல் என்று ஒரு பொது அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வில்லிஸ் வளையம் எல்லாருக்கும் முழுசாக இருப்பதில்லை. பலருக்கு ஏதாவது ஒரு இணைப்பு மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். இரண்டாவது, கரோட்டிட் அடைப்பால் வரும் பக்கவாதங்களில் நிறைய, ரத்தம் குறைந்து வருவதில்லை. அடைப்பிலிருந்து துணுக்கு பிய்ந்து மேலே போய்ச் சிக்குவதால் வருபவை. வளையம் அதைத் தடுக்காது. அதனால்தான் அறிகுறி காட்டிய 70 சதவீதத்துக்கு மேலான அடைப்பைச் சுத்தம் செய்தால் பலன் உண்டு. 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கத்துப் பக்கவாதம் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 9 சதவீதம். ஆனால் முழுசாக மூடிப்போன குழாயின் கதை வேறு. ரத்த வரத்து குறைந்திருப்பதை அளந்து காட்டியவர்களுக்கே வெளியிலிருந்து பைபாஸ் இணைப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் நல்ல மருந்தைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரியப்பா நிலத்தை விற்காததே நல்லதாகப் போயிற்று.

சர்க்கரையும் இவர் கணக்கில்தான்

1667 வாக்கில் வில்லிஸ் லண்டனுக்குக் குடிபோனார். அபிங்டன் சந்தையில் உட்கார்ந்தவருக்கு இப்போது நகரத்திலேயே பெரிய கூட்டம். ஆனாலும் வாய் மட்டும் மாறவில்லை. மன்னரின் தம்பி வீட்டுக் குழந்தையின் உடல்நிலையைப் பற்றி மழுப்பாமல் பேசியதால் அரண்மனைக் கதவு அவருக்கு மூடிக்கொண்டது என்று ஒரு செய்தி உண்டு. 1670-இல் மனைவி மேரி இறந்தார்.

சந்தையில் சிறுநீர் பார்த்த பழக்கம் கடைசிவரை கைகொடுத்தது. சர்க்கரை வியாதிக்காரர்களின் சிறுநீர் தேன் போல இனிப்பதை 1674-இல் எழுதினார். நம்ம நாட்டு வைத்தியர்கள் அதற்கு மதுமேகம் என்று எப்பவோ பெயர் வைத்துவிட்டார்கள். ஐரோப்பாவுக்கு அதைத் தெளிவாகச் சொன்னவர் இவர். அந்தச் சர்க்கரைதான் கரோட்டிட்டைக் கெடுக்கிற காரணங்களில் ஒன்று என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். நோயின் இரண்டு முனைகளையும் ஒரே மனிதர் தொட்டிருக்கிறார். நடுவில் கோடு போட அவருக்குக் காலம் இல்லை. 1675 நவம்பர் 11-ஆம் தேதி நுரையீரல் நோயால் காலமானார். வயது 54. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

நமக்கு என்ன?

நண்பர்களே, நம்ம செட்டில் பலருக்கு இப்போதே பி.பி., சர்க்கரை. அப்பா அம்மாவுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்த மாதிரி இருட்டுவது, இதெல்லாம் பத்து நிமிஷத்தில் சரியானாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சரியாகவில்லை என்றால் இன்னும் அவசரம். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பீடி சிகரெட்டை விடுங்கள். பெரியப்பாவே 40 வருஷப் பீடியை விட்டுவிட்டார்!

ரிப்போர்ட்டில் ஒரு சதவீதத்தைப் பார்த்து அலறவும் வேண்டாம், அலட்சியமாக மடித்து வைக்கவும் வேண்டாம். மூளைக்கு எந்த வழியாக ரத்தம் போகிறது, கையிருப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு 360 வயது.

நான்கு வழி வருகிறவற்றை ஒரு வட்டமாகச் சேர்த்து வைத்திருப்பதால்தான் ஒன்று அடைபட்டாலும் மற்றது தாங்குகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை நாம் கூடுவதும் அதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாரும் அவசியம் வந்து சேருங்கள்!